இரு குடில்கள் அளித்த தீர்ப்பு

"ஆண்டவன் சினம்" என்றனர் பக்தர்கள். "நச்சுக் காற்று" என்றனர் சிலர். "நோயாளியின் துணியிலே, படுக்கையிலே ஒட்டிக் கிடக்கிறது நோய்" என்றனர் கற்றறிந்த மருத்துவர்கள். மஞ்சள் காய்ச்சலோ எவர் சொல்லுக்கும் அடங்காமல், கியூபா நாட்டு ஹவானா நகரிலே உயிர்களை வாரிக்கொண்டு சென்றது.

1881ஆம் ஆண்டு, அந்நகர் அறிவியல் கழகத்திலே கார்லோஸ் ஃபின்லே என்ற மருத்துவர் எழுந்தார். கொசுவே இந்நோயைச் சுமந்து செல்கிறது என்றார். நகைத்தனர் அறிஞர்! அந்த நகைப்பு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஓயவில்லை. அவர் செய்த சோதனைகளும் ஐயத்தை அகற்றவில்லை.

1900இல் வால்ட்டர் ரீட் தலைமையில் அமெரிக்கப் படை மருத்துவர் குழு வந்தது. தாம் பேணிவந்த கொசு முட்டைகளை ஃபின்லே அவர்களிடம் தந்தார். குழுவினருள் ஒருவரான ஜெஸ்ஸி லாசியர், கொசுக்கடியால் நோயுற்று, செப்டம்பர் 25ஆம் நாள் மாண்டார். வயது 34!

அதன்பின் எழுந்தன இரு குடில்கள். கொசு நுழையாவண்ணம் அடைத்த ஒன்றிலே, நோயாளிகளின் வாந்தியும் கழிவும் படிந்த படுக்கைகள். அவற்றின் மீது மூவர் இருபது இரவுகள் உறங்கினர். ஒருவருக்கும் காய்ச்சல் இல்லை. மற்றது தூய குடில். நடுவிலே கம்பி வலை. ஒருபுறம் மட்டும் நோயாளியைக் கடித்த கொசுக்கள். அப்புறம் படுத்தவர் நோயுற்றார். வலைக்கு இப்புறம் இருந்தோர் நலமாயிருந்தனர். அழுக்கு விடுதலை பெற்றது, கொசு குற்றவாளியாயிற்று!

ஃபின்லேயின் சோதனைகள் தடுமாறியது ஏன்? நோயாளியைக் கடித்த கொசு உடனே நோயைப் பரப்புவதில்லை. அதன் உடலிலே வைரஸ் பெருகி உமிழ்நீரை எட்ட, ஏறத்தாழ 12 நாட்களாகும். அவர் கண்ட உண்மை சரி. காத்திருக்க வேண்டிய காலம் தெரியவில்லை.

1901இல் வில்லியம் கார்கஸின் பணியாளர்கள் வீடுவீடாகச் சென்றனர். நீர்த்தொட்டிகளை மூடினர், தேங்கிய நீரில் எண்ணெய் ஊற்றினர், நோயாளிகளை வலைக்குள் வைத்துக் காத்தனர். அவ்வாண்டிலேயே ஹவானாவில் நோய் ஒடுங்கிற்று. 1937இல் மாக்ஸ் தெய்லர் குழு தடுப்பூசியும் கண்டது.

தோழர்களே! அதே ஏடிஸ் கொசுதான் இன்று நம் வீட்டுத் தொட்டியிலே பிறந்து டெங்குவைப் பரப்புகிறது. ஹவானா நமக்குக் கற்பிப்பது என்ன? பழமையான நம்பிக்கை சான்றாகாது; படித்தவர் நகைப்பு மறுப்பாகாது; ஏன், உண்மைகூட, சோதனையிலே நின்று வென்றால்தான் உயிர்களைக் காக்கும். சோதிக்க அஞ்சாத நெஞ்சம் வேண்டும். தொட்டியை மூடக் கையும் வேண்டும்!