மார்க் போடும் மைக்: கோபேயிலிருந்து எம். புதுப்பட்டி வரை

ஜப்பானின் கோபே நகரில் தைசுகே இனோவே என்றொரு இசைக்காரர் இருந்தார். மதுக்கடைகளில் பாட ஆசைப்படும் வாடிக்கையாளர்களுக்குப் பின்னணி வாசிப்பது அவர் தொழில். யார் எந்தச் சுருதியில் எடுத்தாலும், எங்கே தாளத்தை விட்டாலும், தாங்கிப் பிடித்துக் கரை சேர்த்துவிடுவார். ஒருமுறை கம்பெனி முதலாளி ஒருவர் தன்னோடு வெளியூருக்கு வந்து வாசிக்கும்படி கேட்டார். இனோவேயால் போக முடியவில்லை. முதலாளியின் குரலுக்கும் நிதானத்துக்கும் தோதாகப் பின்னணியை மட்டும் டேப்பில் பதிந்து கொடுத்தனுப்பினார். அதிலிருந்து பிறந்ததுதான் காசு போட்டால் பின்னணி வாசிக்கும் கரோக்கே பெட்டி. 1971-ல் அப்படி 11 பெட்டிகள் செய்து கடைகளுக்கு வாடகைக்கு விட்டார். காப்புரிமை எதுவும் அவர் வாங்கவில்லை.

இந்தப் பிள்ளைக்கு வேறு தகப்பன்மாரும் உண்டு. தோக்கியோவில் ஷிகெயிச்சி நெகிஷி 1967-லேயே இப்படி ஒரு பெட்டியைச் செய்துவிட்டார். பிலிப்பைன்ஸின் ராபர்ட்டோ டெல் ரொசாரியோ தன்னுடைய கருவிக்குக் காப்புரிமையே வைத்திருந்தார். யார் முதல் என்ற வழக்கை விட்டுவிடுவோம். இவர்கள் செய்த பெட்டிகளின் வேலை, பாடுகிறவருக்குத் துணை போவது. யார் நன்றாகப் பாடினார், யார் சொதப்பினார் என்று அவை சொல்லவில்லை.

சொல்லத் தொடங்கியது வீடியோ கேம் காலத்தில். 1983-ல் நின்டெண்டோ வெளியிட்ட கருவியின் பெயரே 'ஃபேமிலி கம்ப்யூட்டர்'. அதன் இரண்டாவது கைப்பிடியில் ஒரு சின்ன மைக்கைப் பொதித்து வைத்திருந்தார்கள். 1987-ல் பண்டாய் நிறுவனம் அதே கருவிக்குத் தனி மைக்கோடு 'கரோக்கே ஸ்டூடியோ' என்ற விளையாட்டைக் கொண்டுவந்தது. பாடி முடித்தால் திரையில் மார்க் வரும். ஃபேமிலி கம்ப்யூட்டரின் நகல்கள் பிற்பாடு நம் ஊர்க் கடைகளுக்கு வந்தபோது மரியோவும் கான்ட்ராவும் வந்தன, பாட்டு விளையாட்டு வரவில்லை. நம் பிள்ளைகளுக்கு டிவி கேம் என்றால் சுடுவதும் குதிப்பதும்தான் என்று ஆனது இப்படித்தான்.

2003-ல் அமெரிக்காவில் ஹார்மோனிக்ஸ் நிறுவனம் உருவாக்கிய 'கரோக்கே ரெவல்யூஷன்', 2004-ல் சோனி ஐரோப்பாவில் வெளியிட்ட 'சிங்ஸ்டார்'. இந்த இரண்டோடு வீட்டு ஹாலே போட்டி மேடையாகிவிட்டது. சிங்ஸ்டாரில் ஒரு சிவப்பு மைக், ஒரு நீல மைக். இரண்டு பேர் சேர்ந்து பாடலாம், அதிகபட்ச மதிப்பெண் 10,000. இதற்கிடையே 2005-ல் 'கிட்டார் ஹீரோ' பிளாஸ்டிக் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு வந்தது. பொத்தானை அழுத்திப் பழகும் பிள்ளை நிஜக் கம்பியைத் தொடுமா என்று பெரிய கிட்டார் கலைஞர்கள் சிலரே வருத்தப்பட்டார்கள். விளையாட்டால் ஆசை வந்து நிஜக் கருவி கற்கப் போன பிள்ளைகளைக் காட்டி மற்றவர்கள் பதில் சொன்னார்கள். பாட்டு வரிகள் பிள்ளைகள் காதில் விழலாமா என்பது பெற்றோரின் தனிக் கவலை. அதற்காகவே 2009-ல் 'பேண்ட் ஹீரோ', 'லெகோ ராக் பேண்ட்' என்று குடும்பத்தோடு ஆடத்தக்க பதிப்புகள் வந்தன. பாட்டு விளையாட்டுக்கு இந்தக் கிட்டார் சண்டை பொருந்தாது என்பது என் எண்ணம். பிளாஸ்டிக் கிட்டார் பொம்மைதான். மைக்கில் போகிறது பிள்ளையின் சொந்தக் குரல்.

அந்தக் குரலை இயந்திரம் எப்படி அளக்கிறது? இதைத் தெரிந்துகொள்ள ஒரு சுலபமான வழி உண்டு. சிங்ஸ்டாரைப் பார்த்து ரசிகர்கள் எழுதிய 'அல்ட்ராஸ்டார்' என்ற இலவச மென்பொருளில் ஒவ்வொரு பாட்டும் ஒரு சாதாரண எழுத்துக் கோப்பு. யாரும் திறந்து பார்க்கலாம். ஒரு வரிக்கு ஓர் அசை. வரியின் தொடக்கத்தில் முக்காற்புள்ளி இருந்தால் சாதாரணச் சுரம், நட்சத்திரக் குறி இருந்தால் கூடுதல் மார்க் தரும் சுரம். அடுத்து மூன்று எண்கள்: எந்த அடியில் தொடங்க வேண்டும், எத்தனை அடி நிற்க வேண்டும், எந்தச் சுரம். கடைசியில் அந்த அசை. பாடும்போது இவை திரையில் கிடைக்கோட்டுப் பட்டைகளாக நகர்ந்து வரும். நம் குரல் பட்டையின் மேல் படிந்தால் மார்க். மேல் ஸ்தாயி கீழ் ஸ்தாயி வித்தியாசம் பார்ப்பதில்லை, அதனால் அப்பாவும் மகளும் ஒரே பாட்டை அவரவர் கட்டையில் பாடலாம். குடும்பத்துக்கு மிகவும் உகந்த ஏற்பாடு இது. சொல்லையும் அது கவனிப்பதில்லை. வாயை மூடி முணுமுணுத்தாலும் சுரம் சரியாக இருந்தால் போதும்.

தகராறு அந்த மூன்றாவது எண்ணில் இருக்கிறது. ஓர் அசைக்கு ஒரே எண். தோடியின் காந்தாரத்தை எந்த எண்ணில் எழுதுவது? அது ரிஷபத்துக்கும் மத்திமத்துக்கும் இடையே அசைந்துகொண்டே இருக்கும் சுரம். அசையாமல் நிறுத்தினால் அது தோடியே இல்லை. தீப்பெட்டி ஊரான கோவில்பட்டியில் வாழ்ந்த காருகுறிச்சி அருணாசலம் 1962-ல் 'கொஞ்சும் சலங்கை' படத்துக்காக நாகஸ்வரத்தில் வாசித்த ஆபேரியையும், அதோடு எஸ். ஜானகியின் குரல் இழைந்து போனதையும் நினைத்துப் பாருங்கள். அந்தப் பாட்டைப் பட்டைகளாக எழுதி, ஜானகியையே அழைத்துவந்து பாடச் சொன்னாலும் கமகம் வரும் இடமெல்லாம் இயந்திரம் மார்க்கைக் குறைக்கும். தட்டையாகப் பாடுகிற பிள்ளை அவரைவிட அதிகம் வாங்கும்.

சரி, கண்டிப்பைத் தளர்த்தலாமே என்றால், அல்ட்ராஸ்டாரின் சுலப நிலை இரண்டு அரைச்சுரம் வரை விலகலை மன்னிக்கிறது. சங்கராபரணத்தின் காந்தாரத்தை ஓர் அரைச்சுரம் இறக்கினாலே கௌரிமனோகரி ஆகிவிடும். சுலப நிலையில் ராகம் மாறினாலும் மார்க் மாறாது. கடினமான நிலையில் கமகம் பிழையாகும். இந்த இரண்டில் எதை நம்பி ஒரு பிள்ளையிடம் உனக்குப் பாட்டு வரும், வராது என்று சொல்ல முடியும்?

மதிப்பெண் இல்லாத, அல்லது மதிப்பெண்ணை மனிதர் போட்ட பாட்டு விளையாட்டு தமிழர்களிடம் இந்த மைக் நம் வீடுகளுக்கு வருவதற்கு முன்பே இருந்தது. இலங்கை வானொலியில் பி.எச். அப்துல் ஹமீது நடத்திய 'பாட்டுக்குப் பாட்டு' தென்மாவட்டங்களில் எத்தனையோ வீடுகளில் ஒலித்தது. பின்னால் சன் டிவியிலும் வந்தது. கொடுத்த எழுத்தில் பாட்டைத் தொடங்க வேண்டும். ஞாபகத்துக்குத்தான் அங்கே பரீட்சை. குரல் கரகரத்தாலும் பாட்டு சரியென்றால் சரி. சுற்றுலா வேனில், கல்யாணத்துக்கு முந்திய இரவில், தீப்பெட்டி ஒட்டிக்கொண்டே திண்ணையில் என எங்கு வேண்டுமானாலும் ஆடலாம். ஆயாவுக்கு ஞாபகத்தில் இருக்கும் பாட்டுகள் பேரப்பிள்ளைக்குத் தெரியாது என்பதால் அதில் மூத்தவர்கள்தான் ஜெயிப்பார்கள். இன்றைய எந்தப் பாட்டு விளையாட்டும் மூத்தவர்களுக்கு இந்த இடத்தைக் கொடுக்கவில்லை.

ஜப்பான் மைக் நம் வீடுகளுக்கு வந்தது கேம் வழியாக அல்ல, விசிடி, டிவிடி பிளேயர் வழியாக. பல பிளேயர்களின் முகப்பில் இரண்டு வட்டத் துளைகள் இருக்கும். மைக் 1, மைக் 2. பல பேர் அதில் எதையும் செருகியதே இல்லை. செருகியவர்கள், பாட்டு முடிந்ததும் கைதட்டல் சத்தத்தோடு திரையில் மார்க் வருவதைப் பார்த்தார்கள். சத்தமாகக் கத்தினால் மார்க் கூடுகிறது என்பதைப் பிள்ளைகள் சீக்கிரமே கண்டுபிடித்துவிடுவார்கள். 2006-ல் தமிழக அரசு இலவசக் கலர் டிவி கொடுக்கத் தொடங்கியது. பிளேயரைக் கோத்துவிட அதுவரை திரை இல்லாத வீடுகளிலும் திரை வந்தது.

அடுத்த வாகனம் போன். 2008-ல் அமெரிக்காவில் தொடங்கிய ஸ்மூல் நிறுவனம் 2012-ல் பாடும் செயலியை வெளியிட்டது. ஒருவர் பாதிப் பாட்டைப் பாடி வைப்பார், இன்னொருவர் எங்கிருந்தோ மீதியைப் பாடி நிறைவு செய்வார். சிவகாசிப் பக்கத்துப் பெண்ணும் சிங்கப்பூரில் வேலை பார்ப்பவரும் ஒரே டூயட்டில் சேர முடிகிறது.

சிவகாசிக்கு அருகே பட்டாசு ஆலைகள் உள்ள எம். புதுப்பட்டி வட்டாரத்தில் போனில் பாடுவதற்கு ஒரு விசேஷ நிலைமை உண்டு. பட்டாசு ஆலைக்குள் செல்போன் கொண்டுபோகக் கூடாது. சரம் பின்னுகிற, குழாய்க்குத் திரி வைக்கிற, மருந்து நிரப்புகிற நேரம் முழுக்கப் போன் வெளியில்தான். அது உயிர் காக்கும் விதி. அதில் மாற்றுக் கருத்துக்கு இடமில்லை. அதனால் பாட்டு விளையாட்டுக்கு நேரம் கிடைப்பது பொழுது சாய்ந்து, கையில் ஒட்டிய அலுமினியப் பொடியைத் தேய்த்துக் கழுவிய பிறகுதான். தீபாவளி முடிந்து ஆலைகள் மூடிக் கிடக்கும் வாரங்களில் பகலிலும் பாட்டு கேட்கும். திருவிழாக் கடைகளில் சில நூறு ரூபாய்க்கு விற்கும் புளூடூத் மைக், பிடிக்குள்ளேயே ஸ்பீக்கரை வைத்துக்கொண்டு வருகிறது. போனில் யூடியூப் கரோக்கே, டிவி ஸ்டாண்டில் போன், கையில் மைக். கோபேயில் காசு போட வேண்டியிருந்த பெட்டியின் வேலையை இவை மூன்றும் சேர்ந்து செய்துவிடுகின்றன.

இந்தத் தெருக்களில் கருத்து ஒன்றாக இல்லை. துப்பாக்கி கேமில் மூழ்கிக் கிடந்த பையன் பாட்டுப் பக்கம் வந்ததே போதும் என்பது ஒரு தகப்பனின் நிம்மதி. சங்கீதத்துக்கு மார்க்கா என்று கேட்கிறவர்கள் கோயில் நாகஸ்வரம் கேட்டு வளர்ந்தவர்கள். முகம் தெரியாத ஆணோடு வீட்டுப் பெண் டூயட் பாடுவதா என்று முகம் சுளிக்கும் கணவன்மார் உண்டு. நாள் முழுக்க மருந்து வாடையில் உட்கார்ந்து வந்தவளுக்கு நாலு நிமிஷம் பாடக் கூடாதா என்று திருப்பிக் கேட்கும் பெண்களும் உண்டு. கடைசிக் கேள்வியில்தான் நியாயம் அதிகம் என்று எனக்குப் படுகிறது. பாடுவதைத் தடுப்பது எந்தக் குடும்பத்துக்கும் காவல் ஆகாது. கவலைப்பட வேண்டியது தனிமையைப் பற்றி. ஹெட்போனை மாட்டிக்கொண்டு அறைக்குள் முகம் தெரியாதவர்களின் பாராட்டை எண்ணிக்கொண்டிருக்கும் பதின்வயதுப் பிள்ளைக்கு அருகில் யாராவது இருக்க வேண்டும்.

மார்க்கைப் பற்றி மட்டும் நான் நாகஸ்வரம் கேட்டு வளர்ந்தவர்கள் கட்சி. துணைக்கு வாசிக்க வந்த கருவியைப் பரீட்சை அதிகாரியாக்கியது பின்னால் வந்தவர்களின் வேலை. இனோவேயின் டேப் முதலாளியின் குரலுக்கு வளைந்து கொடுத்தது. இன்றைய பட்டைகள் நம் குரலை அவற்றுக்கு வளையச் சொல்கின்றன. பள்ளியிலும் டிவிப் பாட்டுப் போட்டிகளிலும் போதுமான மார்க்கைப் பார்க்கிற பிள்ளைக்கு வீட்டு ஹாலிலும் அது எதற்கு?

பொங்கலுக்கோ திருவிழாவுக்கோ பிள்ளைகளுக்கு மைக் வாங்கித் தரப் போகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். தாராளமாக வாங்கிக் கொடுங்கள். செயலியில் மதிப்பெண் காட்டுவதை நிறுத்த வழியிருந்தால் நிறுத்திவிடுங்கள். முதல் பாட்டை வீட்டில் மூத்தவர் யாரோ அவர் பாடட்டும்.