ஜுதரீயும் ஹஸ்பாவும்: நோயைப் பிரித்தறிந்த வரலாறு

ஹிஜ்ரி 313-இல் (கி.பி. 925) காலமான அபூபக்ர் முஹம்மது இப்னு ஸகரிய்யா அர்ராஸீ, ரய், பக்தாத் நகரங்களின் மருத்துவமனைகளுக்குத் தலைமை தாங்கியவர். அளவால் பெரியது அவருடைய 'அல்ஹாவீ'. எனினும் 'அல்ஜுதரீ வல்ஹஸ்பா' என்னும் சிறுநூலையே நாம் அதனினும் உயர்வாக மதிக்கிறோம்.

ஜுதரீ பெரியம்மை, ஹஸ்பா தட்டம்மை. இரண்டும் காய்ச்சலோடு தொடங்கித் தோலில் வெடிப்பவை. எது எதுவென முன்கூட்டியே அறிவது எங்ஙனம்? முதுகுவலி பெரியம்மையில் மிகுதி, பதற்றமும் குமட்டலும் தட்டம்மையில் மிகுதி என அவர் நோயாளியின் அருகிருந்து கண்டெழுதினார். காரணம் கூறும்போதோ, திராட்சைச் சாறு நுரைப்பதுபோல் இரத்தம் கொதிப்பதாகவே கருதினார். வைரஸை அவர் அறிந்திருக்க வழியில்லை. எல்லாம் நம் முன்னோர் அன்றே சொன்னவை என மேடைகளில் முழங்குவோர் இதனை நினைவிற்கொள்வது நன்று. அவரது பெருமை கூர்ந்து நோக்கியதில் உள்ளது.

1498-இல் வெனிஸில் லத்தீனிலும், 1848-இல் லண்டனில் ஆங்கிலத்திலும் அந்நூல் அச்சேறியது. நம் அரபுக் கல்லூரி மாணவர் பலர் அதன் பெயரையும் கேட்டதில்லை.

பெர்லினில் 1931-இல் மாக்ஸ் நோலும் எர்ன்ஸ்ட் ருஸ்காவும் எலக்ட்ரான் நுண்ணோக்கியை உருவாக்கினர். எர்ன்ஸ்டின் தம்பியான மருத்துவர் ஹெல்முட் அதனை வைரஸ்களின்பால் திருப்பினார். 1940-களின் இறுதியில், கொப்புள நீரைக் கொண்டே பெரியம்மையையும் சின்னம்மையையும் பிரித்தறிய முடிந்தது: முன்னதன் வைரஸ் செங்கல் வடிவினது, பின்னதோ உருண்டை. தவறாகக் கணித்தால் ஓர் ஊரே அஞ்சி ஒடுங்கிய காலம் அது. ஆயினும் அக்கருவி குடும்பத்தைக் காட்டுமேயன்றித் தனிமனிதனைக் காட்டாது. பெரியம்மை வைரஸும் தடுப்பூசி வைரஸும் அதில் ஒன்றுபோலவே தோன்றும். பார்ப்பவருக்கோ நீண்ட பயிற்சி வேண்டும். இயற்கையாகப் பரவிய பெரியம்மை 1977-இல் சோமாலியாவோடு முடிந்தது. 1980-இல் அது ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது.

அப்பயிற்சி பெற்ற கண்ணின் பணியை இன்று கணினி ஏற்க முனைகிறது. 2022-இல் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள், தொண்டைச் சளியிலுள்ள வைரஸ்கள்மீது ஒளிரும் டி.என்.ஏ. இழைகளை ஒட்டி, நுண்ணோக்கியில் படமெடுத்து, இயந்திரக் கற்றல் மென்பொருளிடம் ஒப்படைத்தனர். கொரோனா, இன்ஃபுளூயன்ஸா போன்றவற்றை ஐந்து நிமிடத்தில் 97 விழுக்காட்டிற்கு மேல் சரியாக அது இனங்கண்டது. அளவும் வடிவும் மேற்பரப்பின் தன்மையும் மாறுவதால் ஒளிரும் விதமும் மாறுகிறது.

ஒரு வேறுபாட்டை மட்டும் சுட்ட விழைகிறோம். அர்ராஸீ தம் முடிவோடு அடையாளங்களையும் எழுதிவைத்தார். ஆதலின் பின்வந்தோர் அவரோடு வாதிட இயன்றது. அவரும் ஜாலீனூஸின்மீது ஐயங்கள் எழுப்பித் தனிநூல் இயற்றியவரே. இயந்திரமோ நோயின் பெயரைத் தருகிறது. எந்த அடையாளத்தால் அம்முடிவுக்கு வந்தது என்பதை, அதனைப் பயிற்றுவித்தவரும் முழுமையாக எடுத்துரைக்க இயலாது.