கார் ஸ்டீரியோ மின்வழங்கல்

காரில் பொருத்தப்படும் வானொலி, பாட்டுப்பெட்டி, ஆம்ப்ளிஃபயர் ஆகியவற்றுக்கு வண்டியின் பேட்டரியிலிருந்தும் ஆல்டர்னேட்டரிலிருந்தும் மின்சாரத்தைக் கொண்டுசேர்க்கும் ஏற்பாடு. ஃபியூஸ், ஒயர், இணைப்பி, எர்த் ஆகியவை இதில் அடங்கும். பாட்டு நின்றுபோனால் பழி பெட்டியின் மேல் விழுகிறது. கோளாறோ பெரும்பாலும் பெட்டிக்கு மின்சாரம் வரும் வழியிலோ திரும்பும் வழியிலோ இருக்கிறது.

வரலாறு

கார் வானொலியின் கதை தொடக்கம் முதலே மின்வழங்கலின் கதைதான். பால் கால்வின் 1928இல் சிகாகோவில் தொடங்கிய நிறுவனம் முதலில் செய்தது வானொலி அன்று. பேட்டரியில் ஓடிய வீட்டு வானொலிகளை வீட்டு மின்சாரத்தில் ஓடவைக்கும் ‘பேட்டரி எலிமினேட்டர்’. நேரடியாக மின்சாரத்தில் ஓடும் வானொலிகள் வந்ததும் அதற்கு வாங்குவோர் குறைந்தனர். கால்வின் கார்ப் பக்கம் திரும்பினார். 1930 ஜூனில் அட்லாண்டிக் சிட்டியில் வானொலித் தயாரிப்பாளர் மாநாடு நடந்தபோது, உள்ளே தமக்கென அரங்கு இல்லாததால் காரை வெளியே நிறுத்தி, அதிலேயே வானொலியைப் பாடவிட்டு ஆர்டர் பிடித்தார். அந்த வானொலிக்கு வைத்த ‘மோட்டோரோலா’ என்ற பெயரை 1947இல் நிறுவனமே சூடிக்கொண்டது. ஐரோப்பாவின் முதல் கார் வானொலி 1932இல் ஜெர்மனியில் வந்த பிளாபுங்க்ட் ஏ.எஸ். 5.

வால்வு வானொலிக்கு இருவகை மின்சாரம் வேண்டும். வால்வின் இழையைச் சூடேற்ற காரின் 6 வோல்ட் பேட்டரி போதும். ஆனோடுக்கோ நூறு வோல்ட்டுக்கு மேல் தேவை. அதற்காக 45 வோல்ட் உலர் பேட்டரிகளை வரிசையாகக் கோத்து, காரின் தரைப்பலகையை அறுத்து அடியில் பெட்டி கட்டி வைத்தார்கள். தீர்ந்தால் அவற்றைத் தூக்கிப்போட்டுப் புதிது வாங்க வேண்டும். எஞ்சினின் தீப்பொறி வானொலியில் படபடவென்று கேட்டதால் ஸ்பார்க் பிளக்குகளில் மின்தடையும் டைனமோவில் கண்டென்சரும் வைக்க நேர்ந்தது. ஒரு வானொலியைப் பொருத்துவது அன்று வண்டியையே பிரித்துப் பூட்டும் வேலை.

இந்தச் சிக்கலை அவிழ்த்தது வைப்ரேட்டர். அழைப்புமணியைப் போன்ற அமைப்பு அது. உள்ளே ஓர் உலோக நாக்கு நொடிக்கு நூறு தடவைக்கு மேல் துடித்து, பேட்டரியின் நேர்மின்சாரத்தை வெட்டி வெட்டி விடும். வெட்டுண்ட மின்சாரம் டிரான்ஸ்ஃபார்மரில் ஏறி இருநூறு வோல்ட்டைத் தாண்டும். பிறகு மீண்டும் நேர்மின்சாரமாக்கப்படும். உலர் பேட்டரிகள் தேவையற்றுப் போயின. பழுது பார்ப்பவருக்கு வைப்ரேட்டரின் ரீங்காரமே முதல் சோதனை. ஸ்விட்சைப் போட்டதும் ரீங்காரம் இல்லையென்றால் மின்சாரம் வரவில்லை, அல்லது நாக்கின் முனைகள் கருகிவிட்டன. முனைகள் ஒட்டிக்கொண்டால் ஃபியூஸ் போகும். பக்கத்திலுள்ள பஃபர் கண்டென்சரை மாற்றாமல் வைப்ரேட்டரை மட்டும் மாற்றினால் புதியதும் விரைவில் கருகும். கருவியே தன் நோயை வாய்விட்டுச் சொன்ன காலம் அது. பின்னால் வந்த எந்தப் பெட்டியும் அவ்வளவு வெளிப்படையாக இருந்ததில்லை.

1950களின் நடுவில் அமெரிக்கக் கார்கள் 12 வோல்ட்டுக்கு மாறின. 1955இல் கிரைஸ்லரும் ஃபில்கோவும் முழு டிரான்சிஸ்டர் கார் வானொலியை அறிவித்தன. உயர் வோல்ட்டும் வைப்ரேட்டரும் இதில் தேவைப்படவில்லை. ஆனால் புதிய ஆபத்து ஒன்று சேர்ந்தது. 1960களின் பிற்பகுதி வரை பல பிரிட்டிஷ் கார்களில் பேட்டரியின் நேர்முனைதான் எர்த். பல வால்வு வானொலிகள் இதைப் பொருட்படுத்தவில்லை; டிரான்சிஸ்டரோ முனை மாறினால் நொடியில் செத்தது.

இன்றைய பெரிய ஆம்ப்ளிஃபயருக்குள் வைப்ரேட்டரின் வாரிசு இருக்கிறது. அங்கே டிரான்சிஸ்டர்கள் 12 வோல்ட்டை நொடிக்குப் பல்லாயிரம் தடவை வெட்டி உயர்த்துகின்றன. அதன் ரீங்காரம் காதில் விழாது.

கோளாறுகள்

பெட்டியின் மின்வழங்கலுக்குப் பொதுவாக மூன்று ஒயர்கள்: எப்போதும் 12 வோல்ட் தரும் மஞ்சள், சாவி திருப்பினால் உயிர்பெறும் சிவப்பு, எர்த்தான கறுப்பு. மஞ்சளும் சிவப்பும் இடம் மாறினால் வண்டியை நிறுத்தும்போதெல்லாம் பெட்டி நேரத்தையும் நிலையங்களையும் மறந்துவிடும். ஐஎஸ்ஓ 10487 இணைப்பியில் நான்காம் முனை நிரந்தர மின்சாரம், ஏழாம் முனை சாவி மின்சாரம். பல ஃபோக்ஸ்வாகன் வண்டிகளில் இவை மாறியிருக்கும். இரண்டையும் சேர்த்து முறுக்கி பேட்டரியில் கொடுத்துவிடுவது சோம்பேறி வேலை. பெட்டி உறங்கவே உறங்காது. அரை ஆம்பியர் கசிந்தால் 45 ஆம்பியர்-மணி பேட்டரி நான்கு நாளுக்குள் காலி. காலையில் செல்ஃப் எடுக்காது.

எர்த்தே முதலில் பார்க்க வேண்டிய இடம். பெயின்ட்டின் மேல் திருகிய எர்த் எர்த்தே அன்று. நிறுத்தி வைத்த நிலையில் ஓம் அளவெடுத்தால் மீட்டர் ஏமாற்றும். ஒரே ஓர் இழை தொட்டிருந்தாலும் சரியென்று காட்டும். பாட்டை உரக்க வைத்து, மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் எதிர்முனையிலும் மறுமுனையை ஆம்ப்ளிஃபயரின் எர்த்திலும் வைத்து வோல்ட் பார்க்க வேண்டும். 0.2 வோல்ட்டைத் தாண்டினால் அந்த வழி கெட்டது. 0.05 ஓம் தடை அற்பமாகத் தோன்றும். 40 ஆம்பியர் ஓடும்போது அது 2 வோல்ட்டைத் தின்றுவிடும். பேஸ் அடிக்கும்போது ஆம்ப்ளிஃபயர் அணைந்து எரிவது இதனால்தான்.

இதற்கு மருந்தாக 1 ஃபாரட் கண்டென்சர் விற்கப்படுகிறது. அது மருந்தாகாது. 14 வோல்ட்டிலிருந்து 12க்கு இறங்கும்வரை அது தருவது 26 ஜூல்; 500 வாட் இழுக்கும் ஆம்ப்ளிஃபயருக்கு நொடியின் இருபதில் ஒரு பங்குக்குத்தான் வரும்.

எஞ்சின் வேகத்தோடு ஏறி இறங்கும் கீச்சொலி ஆல்டர்னேட்டருடையது. பெட்டியிலிருந்து ஒலியைக் கொண்டுவரும் ஆர்சிஏ ஒயரை ஆம்ப்ளிஃபயரிலிருந்து கழற்றியதும் கீச்சு நின்றால், பெட்டியும் ஆம்ப்ளிஃபயரும் வெவ்வேறு இடத்தில் எர்த் ஆகியிருப்பதே பெரும்பாலும் காரணம். ஃபியூஸ் திரும்பத் திரும்பப் போனால் பெரிய ஃபியூஸ் போடுவது குற்றம்; ஒயர் தீப்பற்றும். ஆம்ப்ளிஃபயருக்குத் தனி ஒயர் இழுத்தால் பேட்டரியிலிருந்து 45 செ.மீ.க்குள் அதற்கு ஃபியூஸ் வேண்டும்.

இன்றைய பல கார்களில் சிவப்பு ஒயரே இல்லை. பெட்டியை எழுப்பும் கட்டளை, வண்டியின் மின்னணுப் பகுதிகளை இணைக்கும் கான் வலையமைப்பு வழியே வருகிறது.