அயுத்தயா: செங்கல் சென்ற வழியும் சொல் சென்ற வழியும்

சயாம் எனப் பண்டு வழங்கிய தாய்லாந்து நாட்டின் பழைய தலைநகர் அயுத்தயா. அதனைக் காணச் செல்வோர் பெரும்பாலும் ஒரு பகற்பொழுதையே அதற்கென ஒதுக்குகின்றனர். காலை ஏழு மணியளவில் பாங்காக்கில் புறப்படும் சுற்றுலாப் பேருந்து ஏறத்தாழ 80 கிலோமீட்டர் வடக்கே சென்று, இடிபாடுகளுக்கிடையே நாலைந்து இடங்களில் நின்று, மாலையில் தலைநகருக்கே திரும்பிவிடும். சில ஏற்பாடுகளில் திரும்பும் பயணம் சாவ் பிரயா ஆற்றுவழியே படகில் அமையும், பகலுணவும் அதிலேயே. 1350 முதல் 1767 வரை 417 ஆண்டுகள் அரசிருக்கையாக விளங்கிய ஊரை ஒரு பகலில் கண்டுவிட இயலுமா என்பது வேறு வினா. அந்தப் பகலில் சொல்லப்படும் வரலாறு எத்தகையது, அதில் விடுபடுவது யாது என்பதே இங்கு எண்ணத்தக்கது.

சொல்லப்படுவது சுருக்கமானது. பேருந்திலிருந்து இறங்கியதும், கையில் சிறு கொடி ஏந்திய வழிகாட்டி, “1767 ஏப்ரல் 7 ஆம் நாள் பர்மியர் இந்நகரை எரித்தனர்” என்று தொடங்குவார். தலையற்ற புத்தர் படிமத்தைக் காட்டும்பொழுதும், கரிபடிந்த சுவரைக் காட்டும்பொழுதும் அதே வாக்கியமே திரும்ப வரும். அது பொய்யன்று. ஆயினும் முழு உண்மையும் அன்று.

நகரின் பெயர் இராமனின் அயோத்தியிலிருந்து பெறப்பட்டது. போரால் வெல்லப்படாதது என்பது அதன் பொருள். பெயருக்கேற்ற அமைப்பும் அதற்கு இருந்தது. சாவ் பிரயா, லோப்புரி, பா சாக் ஆகிய மூன்று ஆறுகளும் சூழ்ந்த தீவு அது. ஆண்டுதோறும் மழைக்காலத்தில் வெள்ளம் வயல்வெளிகளை மூடும். முற்றுகையிட வந்த படைகள் வெள்ளத்துக்கு அஞ்சிப் பாசறையைக் கலைத்துக்கொண்டு போய்விடுவது வழக்கம். மன்னன் எக்கதாட் காலத்து அரசவையினரும் அவ்வாறே நம்பியிருந்தனர் போலும். ஆனால், பர்மிய மன்னன் சின்பியூசின் அனுப்பிய படை, வெள்ளம் வந்தபொழுது பின்வாங்கவில்லை. மேட்டு நிலங்களிலும் படகுகளிலும் தங்கிவிட்டது. பதினான்கு மாதங்கள் நீடித்த அந்த முற்றுகையின் முடிவில் மதிலின் அடித்தளத்தைத் தோண்டித் தீ மூட்டி உடைப்பு ஏற்படுத்தினர். நகரைக் காத்த அதே வெள்ளம் இன்று அதன் இடிபாடுகளுக்குப் பகையாக உள்ளது. 2011 ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்தில் பல கோயில்கள் வாரக்கணக்கில் நீரில் நின்றன.

சுற்றுலாவின் முதல் நிறுத்தம் பெரும்பாலும் வாட் மகாதாட். மகாதாது என்ற சொல்லே அவ்வாறு திரிந்தது. மரவேர்கள் பின்னிப் பிடித்திருக்கும் புத்தர் தலை இங்குதான் உள்ளது. படம் எடுத்துக்கொள்வோர் அத்தலையைவிட உயர்ந்து நில்லாமல் குனிந்து அமரவேண்டும் என்பது விதி. எத்தனை அவசரத்தில் வந்த கூட்டமும் அங்கு ஒரு கணம் முழங்காலிட்டே எழுகிறது. இக்கோயிலின் நடுக்கோபுரம் பர்மியரால் வீழ்த்தப்பட்டதன்று. 1767க்குப் பின்னும் நின்றிருந்து, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தானே சரிந்து விழுந்தது. சுற்றிலும் வரிசையாக அமர்ந்திருக்கும் தலையற்ற படிமங்களிலும் பர்மியர் கைபட்டவை உண்டு. ஆனால் பலவற்றின் தலைகளை அறுத்தெடுத்தவர்கள் பிற்காலத்துப் புதையல் வேட்டையாளரும் கலைப்பொருள் வணிகருமே.

இதற்குச் சான்று தேடித் தொலைவு செல்ல வேண்டியதில்லை. அடுத்த கோயிலான வாட் ராட்சபுரணவே சான்று. 1424 இல் மன்னன் இறந்தபின் அரியணைக்காக மூத்த மைந்தர் இருவர் யானைமீதமர்ந்து பொருது இருவருமே மாண்டனர். போரில் கலவாத மூன்றாம் இளவரசன் சாம் பிரயா முடிசூடி, தமையன்மாருக்காக இக்கோயிலை எழுப்பினான். கோபுரத்தின் அடியறையில் அவன் வைத்த பொன்னணிகளும் வாளும் முடியும் 1767 இன் தீயில் தப்பின. 1957 இல் உள்ளூர்க் கள்வர் சிலர் இரவில் தோண்டி உட்புகுந்து அவற்றுள் பெரும்பகுதியை வாரிச் சென்றனர். மீட்கப்பட்டவையும் எஞ்சியவையும் 1961 இல் திறக்கப்பட்ட சாம் பிரயா அருங்காட்சியகத்தில் உள்ளன. ஒருநாள் சுற்றுலாவில் அருங்காட்சியகத்துக்கு நேரம் இருப்பதில்லை.

அரண்மனைக் கோயிலான வாட் பிரா சீ சன்பேட்டில், மூன்று அரசர்க்கு எடுக்கப்பட்ட மூன்று தூபிகள் வரிசையாக நிற்கின்றன. நாட்காட்டிகளில் இடம்பெறும் அயுத்தயா இதுவே. இங்கு 16 மீட்டர் உயரத்தில் பொன் போர்த்த புத்தர் நின்ற கோலத்தில் இருந்தார். வெற்றி பெற்ற படையினர் அடியில் தீ மூட்டிப் பொன்னை உருக்கி எடுத்துக்கொண்டனர். அவர்களும் புத்தரை வணங்கியவர்களே. பொன் போனபின் உள்ளீடாகிய வெண்கலம் மட்டும் சிதைந்து நின்றது.

இதற்கு அப்பால் நடந்ததை வழிகாட்டிகள் மெல்லக் கடந்துவிடுகின்றனர். பர்மியர் இங்குத் தங்கி ஆளவில்லை. சீனப் படையெடுப்பு அவர்களைத் தாய்நாட்டுக்கு அழைத்தது. 1767 முடிவதற்குள்ளாகவே தாக்சின் நகரை மீட்டார். மீட்டவர் அங்கு அரசிருக்கவில்லை. தெற்கே தோன்புரியில் ஆண்டார். 1782 இல் அரியணை ஏறிய முதலாம் ராமர் ஆற்றின் மறுகரையில் பாங்காக்கை அமைத்தபொழுது, புதிய மதிலுக்கு வேண்டிய செங்கல் அயுத்தயாவின் மதில்களிலிருந்தே பெயர்த்தெடுக்கப்பட்டது. படகுகள் அவற்றை ஆற்றோடு சுமந்து வந்தன. வடபால் பாழ்நகரங்களிலிருந்து 1,200க்கும் மேற்பட்ட புத்தர் படிமங்களும் அவ்வாறே வந்து சேர்ந்தன. பகைவர் எரித்த நகரை அதன் வாரிசுகள் பிரித்தெடுத்தனர் எனலாம். இதனைக் குற்றமாகக் கூறுவது முறையன்று. பாங்காக்கின் நீண்ட முழுப்பெயருக்குள் இன்றும் அயுத்தயா என்னும் சொல் இருக்கிறது. பெயரையும் கல்லையும் கொண்டுபோனவர்கள் தாங்கள் ஓர் ஊரை அழிப்பதாக எண்ணவில்லை. இடம் மாற்றுவதாகவே எண்ணினர்.

கல் தெற்கே சென்றது. பாட்டு எங்குச் சென்றது?

ஆற்றின் மேலைக்கரையில் உள்ள வாட் சைவத்தனாராம் 1630 இல் மன்னன் பிரசாட் தோங் எழுப்பியது. 2018 இல் ஒளிபரப்பான ஒரு தொலைக்காட்சித் தொடருக்குப் பின் பழங்கால உடையை வாடகைக்கு எடுத்து அணிந்துகொண்டு இளைஞர் இங்குத் திரளாக வந்து படமெடுத்துக்கொண்டனர். அவர்கள் நடந்த முற்றத்திலேயே இளவரசர் தம்மாதிபேட்டின் சாம்பல் அடக்கம் செய்யப்பட்டுள்ளது என்பர். மன்னன் போரொமகோட்டின் மைந்தராகவும் பட்டத்துக்குரியவராகவும் இருந்த அவர், தந்தையின் தேவியர் ஒருவரோடு கொண்ட காதலுக்காக 1750களின் நடுவில் கசையடித் தண்டனையில் உயிர்துறந்தார். அவர் பாடிய படகுப் பாட்டு, துடுப்பின் அசைவுக்கேற்ப ஓதப்படுவது. அரசப் படகுகளின் அணிவகுப்பில் தொடங்கி, மீனும் மலரும் பறவையும் கண்டு காதலியை நினைந்துருகுவது. 2019 டிசம்பரில், பத்தாம் ராமரின் முடிசூட்டு விழாவையொட்டி 52 படகுகள் சாவ் பிரயாவில் அணிவகுத்தபொழுதும் அவர் கையாண்ட யாப்பு வகையிலேயே பாட்டு ஒலித்தது. தண்டனைக்கு ஆளான ஒரு கவிஞரின் துடுப்புத் தாளத்தில்தான் அரசவிழா நடைபெறுகிறது.

வடக்கே சென்ற பாட்டும் உண்டு. 1767 இல் பர்மியர் கொண்டுசென்றவற்றுள் பொன்னைவிடப் பெரிய செல்வம் மனிதரே. துறவு பூண்டிருந்த முன்னாள் மன்னர் உதும்போன் தொடங்கி, அரச குடும்பத்தார், கைவினைஞர், இசைவாணர், கூத்தர் எனப் பல்லாயிரவர் ஆவா நாட்டுக்குச் சிறையாக நடந்தனர். உதும்போன் மீளவேயில்லை, 1796 இல் அங்கேயே காலமானார். அச்சிறையாளர்கள் பர்மிய அவைக்கு இராமகதையைக் கூத்தாக ஆடிக் காட்டினர். இனாவ் கதையையும் கொண்டுசென்றனர். இனாவ் முதலில் சயாம் நாட்டுக் கதையே அன்று. ஜாவாவின் பாஞ்சி கதை, மலாய்ப் பணிப்பெண்கள் வாயிலாக அயுத்தயா அந்தப்புரத்துக்கு வந்து, போரொமகோட்டின் புதல்வியர் இருவர் கையில் நாடகமாயிற்று என்பது மரபு. 1789 இல் பர்மிய அரசவை இத்தகைய நாடகங்களை மொழிபெயர்க்க ஒரு குழுவையே அமர்த்தியது. நகரம் வீழ்வதற்கு முந்திய ஆண்டில் பிறந்த மியாவதி மின்ஜி ஊ ச என்னும் பர்மியப் புலவர், இனாவைத் தம் மொழியில் நாடகமாக்கியதோடு அயுத்தயா மெட்டுகளில் பாடல்களும் இயற்றினார்.

பர்மியர் அயுத்தயாவை யோதயா என்றனர். இன்றும் பர்மியச் செவ்வியல் இசையில் ஒரு பாடல் வகைக்கு யோதயா என்றே பெயர். மென்மையும் ஏக்கமும் அதன் இயல்பு. வென்றவனின் நாட்டில் தோற்ற நகரின் பெயர் ஒரு பாடல் வகையின் பெயராக நிலைத்துவிட்டது. சிறையாளர் தம் நாட்டு வரலாற்றைச் சொல்லச் சொல்லப் பர்மியர் எழுதி வைத்த ஏடும் உண்டு. பழைய தலைநகரத்தார் வாக்குமூலம் என்ற பெயரில் அது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தாய் மொழிக்கே திரும்பி வந்தது. எரித்தவர் வீட்டிலிருந்து எரிந்த வீட்டின் கணக்கு கிடைத்தது. “பர்மியர் எரித்தனர்” என்னும் ஒற்றை வாக்கியத்தில் இவற்றுக்கு இடமில்லை. பள்ளிச் சிறுவர் கூட்டங் கூட்டமாக வந்து கேட்டுச் செல்லும் வாக்கியம் அதுவாக இருப்பதனால்தான் இதனை இவ்வளவு விரித்துரைக்க நேர்கிறது.

வழிகாட்டியோடு செல்வோர்க்கு முன்னரே இவ்விடிபாடுகளுக்கு வந்த பெருங்கவிஞர் ஒருவர் உண்டு. சுந்தோன் பூ (1786) நகரம் வீழ்ந்து பத்தொன்பது ஆண்டுகளுக்குப் பின் பிறந்தவர். தம்மைப் போற்றிய இரண்டாம் ராமர் 1824 இல் மறைந்தபின் அவைச் சிறப்பை இழந்து, துறவாடை பூண்டு, 1828 ஐ ஒட்டிப் பாங்காக்கிலிருந்து படகேறி அயுத்தயாவின் பொன்மலைத் தூபியைக் காணச் சென்றார். அச்செலவைப் பாடியதே ‘நிராட் பூ காவ் தோங்’. நிராட் என்பது பிரிவைப் பாடும் வழிநடைப் பாட்டு. வழியில் எதிர்ப்படும் ஊர்ப்பெயர் ஒவ்வொன்றும் பிரிந்தவரை நினைவூட்டும். பிரிவைப் பாலைக்கு உரிப்பொருளாக்கிய மரபில் வந்த தமிழ்க் கவிஞர்க்கு இவ்வகை எளிதில் நெருக்கமாகும். வேறுபாடு யாதெனின், சுந்தோன் பூ பிரிந்து வருந்துவது காதலியை அன்று, இறந்துபோன அரசரை.

அயுத்தயாவில் ஆட்சித் தலைவராயிருந்தவர் அவருடைய பழைய நண்பர். அம்மாளிகைத் துறையைப் படகு கடக்கும்பொழுது கவிஞர் இறங்கவில்லை. தாழ்ந்த நிலையில் சென்று நிற்கும் தம்மை நண்பர் அயலாராய் நோக்கிவிட்டால் நெஞ்சு தாங்காது, பிறரும் நகைப்பர் என்று எண்ணிக் கடந்துவிடுகிறார். வாட் நா பிரா மென் கோயில் துறையில் படகைக் கட்டி இரவைக் கழிக்கிறார். அந்தக் கோயில் 1767 இன் அழிவிலிருந்து தப்பியது. அன்று அங்குத் திருவிழாப் படகுகளில் பாட்டு முழங்குகிறது; நள்ளிரவில் திருடன் ஒருவன் படகில் ஏறுகிறான்; பொருள் ஒன்றும் போகவில்லை. பொன்மலைத் தூபி வெடிப்பு விட்டு முடி சாய்ந்திருப்பதைக் கண்டு, புகழும் சிறப்பும் கண்ணெதிரே கரைவதை எண்ணிக் கண்ணீர் விடுகிறார். அங்குத் தாமரைப் பூவினுள் கிடைத்த தாதுவைச் சிறு புட்டியில் இட்டு வைக்கிறார்; விடிந்து பார்த்தால் காணவில்லை. எரித்தவர் யார் என்ற விசாரணையை விடத் துறையில் இறங்க இயலாத ஒருவரின் தயக்கமே அந்த இடிபாடுகளின் தன்மையை நன்கு உணர்த்துகிறது. பேருந்துச் சுற்றுலாக்கள் பலவற்றில் பொன்மலை இடம்பெறுவதில்லை.

தமிழ் சென்ற தடமும் இந்த ஆற்றங்கரையில் உண்டு. அயுத்தயா காலத்திலேயே அரசவைப் பிராமணர் நிகழ்த்திய ‘திரியம்பவாய் திரிபவாய்’ என்னும் விழாவை, முதலாம் ராமர் 1784 இல் பாங்காக்கில் தேவஸ்தானமும் பேரூசலும் அமைத்துத் தொடரச் செய்தார். திருவெம்பாவை, திருப்பாவை என்னும் பெயர்களே அவ்வாறு மருவின என்பதைத் தனிநாயகம் அடிகள், தெ.பொ. மீனாட்சிசுந்தரனார் போன்றோர் எடுத்துக்காட்டியுள்ளனர். கிரந்தம் சார்ந்த எழுத்தில் எழுதப்பட்ட ஏடுகளைக் கொண்டு, பொருள் அறியாமலே தலைமுறை தலைமுறையாக ஓதி வந்துள்ளனர். விபத்துகள் காரணமாக ஊசலாட்டம் 1930களின் நடுவில் நின்றது. செந்நிறத் தூண்கள் மட்டும் நடுவீதியில் நிற்கின்றன. ஓதுதல் நிற்கவில்லை.

திரும்பும் படகு மாலையில் பாங்காக்கின் துறையை அடைகிறது. நேரம் எஞ்சியிருந்தால் வாட் போ கோயிலும் காட்டப்படும். 46 மீட்டர் நீளமுள்ள சயன புத்தரைக் காணவே அனைவரும் விரைவர். அக்கோயிலின் நான்கு பெருந்தூபிகளுள் பச்சை ஓடு பதித்த ஒன்றினுள்தான், பொன் உருகிப்போன அயுத்தயாவின் சீ சன்பேட் படிமத்தை முதலாம் ராமர் வைத்து மூடினார். மீண்டும் வார்க்காமல், சிதைந்தவாறே வைத்தார். மூன்றாம் ராமர் அதே கோயிலின் சுவர்களிலும் தூண்களிலும் மருத்துவம், வரலாறு, நீதி முதலியவற்றோடு செய்யுள் இலக்கணத்தையும் பளிங்குப் பலகைகளில் பொறித்து வைத்தார். 1,400க்கும் மேற்பட்ட அப்பலகைகள் 2011 இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றன. யாப்பு வகை ஒவ்வொன்றுக்கும் எடுத்துக்காட்டுச் செய்யுள் அவற்றில் உண்டு. பனையோலை எரிந்த நாட்டில் யாப்பைக் கல்லில் வெட்டினர். சயன புத்தரின் பாதத்தைப் படமெடுத்துக்கொண்டு கூட்டம் வெளியேறும் வழியில் அவை சுவரோடு சுவராக இருக்கின்றன. பேருந்து புறப்படக் கால் மணி நேரமே உள்ளதென்று வழிகாட்டி கொடியை உயர்த்திக் காட்டுகிறார்.