இடிபாட்டில் பிழைத்தவர்கள் ஏன் இறந்தார்கள்?

இன்னைக்குக் கதை 1940-ல, லண்டன்ல ஆரம்பிக்குது. ஜெர்மன் விமானங்கள் ராத்திரி ராத்திரியா குண்டு போட்டுட்டிருந்த நேரம். இடிஞ்ச வீட்டுக்குள்ள மணிக்கணக்கா கால் நசுங்கிக் கிடந்தவங்களை மீட்டுட்டு வர்றாங்க. பேசுறாங்க, தெளிவா இருக்காங்க. பிழைச்சாச்சுன்னு எல்லாரும் நினைக்கிறாங்க. அப்புறம் சிறுநீர் குறையுது. ஒரு வாரத்துல உயிர் போயிடுது.

எரிக் பைவாட்டர்ஸ், டெஸ்மண்ட் பீல் ரெண்டு பேரும் இப்படி 4 பேரைப் பத்தி 1941-ல பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்ல எழுதினாங்க. அடிபட்டது கால். செயலிழந்தது சிறுநீரகம். எப்படி?

நசுங்கின தசையிலிருந்து மயோகுளோபின் என்ற புரதம் ரத்தத்துல கலக்குது. தசைக்காக ஆக்ஸிஜனைச் சேமிச்சு வைக்கிற நல்ல புரதம்தான். ஆனா அதுக்குள்ள இரும்பு இருக்கு. சிறுநீரகத்தின் நுண்குழாய்களை மயோகுளோபின் அடைக்குது. அதோட, அந்த இரும்பு தீவிரமா வினைபுரியும் ஆக்ஸிஜன் மூலக்கூறுகளை உண்டாக்கி, அங்கே இருக்கிற செல்களைச் சிதைக்குது. இதுதான் ஆக்ஸிஜனேற்றச் சேதம்.

உடம்புல இதுக்குக் காவலும் உண்டு. 1969-ல மெக்கார்டும் ஃப்ரிடோவிச்சும் அடையாளம் காட்டின சூப்பராக்சைடு டிஸ்மியூட்டேஸ் நொதி அதுல ஒண்ணு. ஆனா தசை மொத்தமா நசுங்கும்போது அந்தக் காவல் போதாது. வெளியிலிருந்து உதவி அனுப்பணும், அதுவும் சரியா சிறுநீரகத்துக்கு.

இங்கேதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச திருப்பம். 2006-ல பால் ரோத்மண்ட், டிஎன்ஏ இழையைக் காகிதம் மாதிரி மடிச்சு நானோ அளவுல சிரிச்ச முகம் செஞ்சு காட்டினார். அப்போ அது வேடிக்கை மாதிரிதான் தெரிஞ்சிருக்கும். 2018-ல சீன, அமெரிக்க ஆய்வாளர்கள் அதே முறையில மடிச்ச டிஎன்ஏ-வை எலிகளுக்கு ஊசியில கொடுத்தாங்க. அது சிறுநீரகத்துல போய்ச் சேர்ந்தது. அந்த மூலக்கூறுகளோட தானே வினைபுரிஞ்சு, செல்களைக் காப்பாத்துச்சு. அந்த எலிகளுக்கு இருந்ததும் தசை சிதைவால வந்த சிறுநீரகப் பாதிப்புதான். லண்டன்ல பார்த்த அதே நோய்!

மனுஷனுக்கான மருந்தா அது இன்னும் வரல. இன்னைக்கும் நிலநடுக்க இடிபாட்டுல சிக்கினவங்களுக்கு முதல் காவல் சலைன்தான். முடிஞ்சா வெளியே எடுக்குறதுக்கு முன்னாடியே ஏத்தணும். காலைத் தூக்கிவிட்டா மட்டும் மீட்பு முடியாதுன்னு நமக்குச் சொல்லிக்கொடுத்தது, அந்த 4 பேர்.