கோவையில் ஒரு சாம்பியன் அணி இருந்தது



ஐ.பி.எல். பற்றி எழுதச் சொல்லிக் கேட்கிறீர்கள். அதற்கு ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நான் கால்பந்தில் நம் மாநிலத்தில் நடந்து, நாமே மறந்துபோன ஒரு கதையை எழுதுகிறேன். வரலாற்று வாத்தியார் எழுதினால் கொஞ்சம் நீளத்தான் செய்யும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

2019 மார்ச் 9, சனிக்கிழமை. கோவை நேரு விளையாட்டரங்கில் ஐ-லீக் போட்டியின் கடைசி நாள் ஆட்டம். சென்னை சிட்டி அணியும் பஞ்சாபின் மினர்வா அணியும் மோதின. சென்னை சிட்டி வென்றால் இந்திய சாம்பியன். தோற்று, கோழிக்கோட்டில் அதே நேரம் ஆடிக்கொண்டிருந்த ஈஸ்ட் பெங்கால் வென்றுவிட்டால், கோப்பை கொல்கத்தாவுக்குப் போய்விடும். ஆட்டம் தொடங்கிய சில நிமிடங்களிலேயே மினர்வா கோல் போட்டுவிட்டது. இடைவேளை வரை 0-1. பிறகு பெத்ரோ மான்சி பெனால்டியில் சமன் செய்தார். அடுத்த இரண்டு கோல்களையும் அடித்தவர் கௌரவ் போரா. அவர் கோல் அடிக்கும் ஆளே அல்ல, தடுப்பாட்டக்காரர். முடிவு 3-1. கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்காலும் வென்றது. சென்னை சிட்டிக்கு 43 புள்ளி, ஈஸ்ட் பெங்காலுக்கு 42. ஒரே ஒரு புள்ளியில், ஐ-லீக் கோப்பை முதல்முறையாகத் தமிழ்நாட்டுக்கு வந்தது.

பெயர் சென்னை சிட்டி, ஆடியது கோவையில். சென்னை நேரு அரங்கம் ஐ.எஸ்.எல். அணியான சென்னையினுக்குச் சொந்த மைதானமாக இருந்தது. 2017 ஜனவரியில் ஐ-லீகில் அடியெடுத்து வைத்த இந்த அணி கோவையைத் தன் ஊராக்கிக்கொண்டது. முதல் இரண்டு சீசனும் பட்டியலின் கீழ்ப்பகுதியில்தான் இருந்தது. மூன்றாவது சீசனுக்கு சிங்கப்பூர்க்காரர் அக்பர் நவாஸ் பயிற்சியாளராக வந்தார். பெரிய பெயர்களுக்குப் பணம் கொட்டாமல், ஸ்பெயினின் கீழ்நிலை லீகுகளில் ஆடிக்கொண்டிருந்த ஆட்களைக் கூட்டி வந்தார்கள். உருகுவேயில் பிறந்த மான்சி அப்படி வந்தவர்தான். அந்த சீசனில் 21 கோல் அடித்தார். கூடவே எட்வின் சிட்னி வான்ஸ்பால், மைக்கேல் ரெஜின் போன்ற நம் ஊர்ப் பிள்ளைகள். ரெஜினின் சகோதரர் சூசைராஜும் முந்தைய சீசனில் இதே அணியில் ஆடிப் பெயர் வாங்கியவர். கன்னியாகுமரி மாவட்டத்தின் மீனவ கிராமமான இரவிபுத்தன்துறையில் இருந்து வந்தவர்கள். கடற்கரை மணலில் பந்து உதைத்தவர்கள் கோவைப் புல்தரையில் ஓடியதை நினைத்தால் எனக்கு இப்போதும் நெஞ்சு நிறைகிறது.

இனி இத்தாலிக்குப் போவோம். அப்ருத்சோ மலைப்பகுதியில் காஸ்தெல் தி சாங்க்ரோ என்று ஒரு ஊர். கடல் மட்டத்தில் இருந்து சுமார் 800 மீட்டர். நம் ஏற்காட்டின் உயரத்தில் பாதிதான். மக்கள் தொகை ஐந்தாறாயிரம். அந்த ஊர் அணி அடிமட்ட லீகுகளில் இருந்து படிப்படியாக ஏறி, 1996-இல் இத்தாலியின் இரண்டாம் நிலையான சீரி-பி லீகுக்கு வந்தது. அந்தக் கடைசிப் படியை ஏறிய ஆட்டம் அஸ்கோலி அணியுடன். கூடுதல் நேரம் முடியும் தறுவாயில் பயிற்சியாளர் ஓஸ்வால்தோ யாக்கோனி தன் கோல்கீப்பரை வெளியே எடுத்துவிட்டு, ஸ்பினோசா என்ற மாற்றுக் கோல்கீப்பரை இறக்கினார். பெனால்டி உதைகளில் அந்த ஸ்பினோசா பந்தைத் தடுத்ததில்தான் ஊர் மேலே போனது. சீரி-பி-க்குத் தகுந்த அரங்கம் ஊரில் தயாராகாததால் முதலில் வேறு ஊரில் போய்த்தான் ஆடினார்கள், நம் சென்னை சிட்டி போலவே. அந்த சீசனின் நடுவில் இரண்டு வீரர்கள் கார் விபத்தில் இறந்துபோனார்கள். அந்தத் துக்கத்தோடும் அந்த வருடம் தாக்குப்பிடித்தார்கள். 1998-இல் கீழே இறங்கினார்கள். 2005-இல் அந்த கிளப்பே நொடித்துப் போனது.

ஏறினார்கள், இறங்கினார்கள், நொடித்தார்கள். இதில் நமக்கு என்ன பாடம் என்று கேட்பீர்கள். அவர்களுக்கு ஏணி இருந்தது. அடிமட்டத்தில் ஜெயித்தால் அடுத்த படி, அங்கே ஜெயித்தால் அதற்கடுத்த படி. ஐந்தாயிரம் பேர் உள்ள ஊர் என்று யாரும் கதவைச் சாத்தவில்லை. சென்னை சிட்டி கோப்பையை வென்ற அதே 2019-இல்தான், ஐ.எஸ்.எல். போட்டியே நாட்டின் முதல் நிலை லீக் என்று முடிவானது. ஐ-லீக் இரண்டாம் நிலைக்குப் போனது. ஐ-லீகில் வென்றவர் ஐ.எஸ்.எல்.லுக்கு ஏறலாம் என்ற வழி 2022-23 சீசனில்தான் திறந்தது. அந்த வழியில் முதலில் ஏறியது பஞ்சாப் அணி. வகுப்பில் முதல் மாணவனாக வந்தவனிடம், "மேல் வகுப்புக்கு இப்போது இடமில்லை, அங்கேயே உட்கார்" என்று சொன்னால் எப்படி இருக்கும்? அதுதான் 2019-இல் நடந்தது.

ஏணி இல்லை என்றால் விளம்பரம் கொடுப்பவர் வருவது கடினம். தொலைக்காட்சிப் பணம் குறைவு. நல்ல வீரர்களைப் பிடித்து வைக்கவும் முடியாது. 2020 தொடக்கத்தில் மான்சி ஜப்பான் போனார். அந்த மார்ச்சில் ஏ.எஃப்.சி. கோப்பையில் மாலத்தீவின் மாசியா அணியுடன் 2-2 என்று சமன் செய்தார்கள். அதோடு கொரோனா வந்து, தொடரே ரத்தானது. அடுத்த ஐ-லீக் முழுவதும் கொல்கத்தா பக்கம், ரசிகர்கள் இல்லாமல் நடந்தது. 2021-க்குப் பிறகு ஐ-லீகில் சென்னை சிட்டி இல்லை. கோப்பை வென்று இரண்டே வருடம்!

கொரோனாவையும் நிர்வாகத்தையும் மட்டும் குறை சொன்னால் வரலாறு முழுதாகாது. இதற்கு முன்பு தேசிய லீகில் தமிழ்நாட்டின் பெயரைச் சொன்னது இந்தியன் வங்கி அணி. அது வங்கியின் அணி. சென்னை சிட்டி தனியார் முதலாளியின் அணி. இரண்டிலும் திறமைக்குக் குறைவில்லை, ஆனால் அணி ஊரின் சொத்தாக இருக்கவில்லை. வைத்திருப்பவர் கை விட்டால் தாங்கிப் பிடிக்க ஆளில்லை. இத்தாலிய ஊரிலும் பணக்காரர்தான் பணம் போட்டார். ஆனால் கிளப் நொடித்த பிறகும் ஊர்க்காரர்கள் கால்பந்தை விடவில்லை. அந்த ஊரின் பெயரில் இன்றும் ஒரு அமெச்சூர் அணி ஆடுகிறது.

உங்களில் பலர் இப்போது அப்பா அம்மாக்கள். "சார், பையன் கால்பந்து, கால்பந்து என்கிறான், விடலாமா?" என்று இன்பாக்ஸில் கேட்கிறீர்கள். என் பதில் இதுதான். விடுங்கள். படிப்பையும் விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எந்த கிளப் எத்தனை வருடம் இருக்கும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது என்பதை மேலே படித்தீர்கள். ஆனால் சூசைராஜும் எட்வினும் அந்த அணியில் ஆடிய ஆட்டத்தால்தான் ஐ.எஸ்.எல். வரை போனார்கள். கிளப் போனாலும் கற்றது போகவில்லை.

வெளியூரில் வசதியாக இருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். ஏற்காடு என்றால் கோடை விழாவும் ஏரிப் படகும் மட்டும் நினைவுக்கு வர வேண்டாம். சேர்வராயன் மலைக் கிராமங்களில் சரிவான துண்டு நிலத்தில், செருப்பைக் கோல் கம்பமாக வைத்து ஆடும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அடுத்த முறை இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி வரும்போது இரண்டு பந்து, ஒரு வலை வாங்கி வாருங்கள். ஏணியின் முதல் படியையாவது நாம் போட்டு வைப்போம்.

அன்புடன்,
உங்கள் வரலாற்று ஆசிரியர்,
ஏற்காடு.