காற்றில் ஒரு காணி – 9: டைனமோ சுற்றிய கைகள்

1999இல் கொத்மலையில் நடந்ததை இந்த வாரம் சொல்வதாக எழுதியிருந்தேன். மகாவலி சமூக வானொலிக்காரர் கிராமங்களில் நாட்கணக்கில் தங்கி, மகாவலித் திட்டத்தில் குடியேறிய சனங்களின் பேச்சை ஒலிப்பதிவு செய்த கதை வாசகர் அறிந்தது. 1989இல் அவர்களின் கொத்மலை நிலையம் எழுந்ததும் அக்கம்பக்கத்து இளைஞர்கள் தொண்டர்களாக வந்து மைக்கின் முன் உட்கார்ந்தார்கள். அதற்கு அடுத்த ஆண்டு 1990. அதைத் தாண்டிப் போக எனக்கு மனம் வரவில்லை.

அந்த ஜூனில் அரசுக்கும் புலிகளுக்கும் இடையே மறுபடி போர் மூண்டது. யாழ் குடாநாட்டில் மின்சாரம் போயிற்று. பொருளாதாரத் தடையில் பற்றறியும் அகப்பட்டது. வானொலிகள் ஊமையாகியிருக்க வேண்டும். எங்கள் சனம் விடவில்லை. சைக்கிளை ஸ்டாண்டில் நிறுத்தி, பின்சில்லில் டைனமோவைச் சாய்த்து, அதிலிருந்து இரண்டு வயரை இழுத்து, நடுவில் டயோட் வைத்து, வானொலியின் பற்றறிப் பெட்டிக்குள் கொடுத்தார்கள். ஒருவர் கையால் பெடலைச் சுற்ற, அயலட்டை முழுக்க முற்றத்தில் குந்தியிருந்து பிபிசி தமிழோசை கேட்கும். கை தளர்ந்தால் லண்டன் குரல் தேய்ந்து இரைச்சலில் மறையும். “சுத்தடா தம்பி, சுத்து!” என்று நாலு பக்கமும் சத்தம் எழும். உடனே இன்னொருவர் கை மாற்றுவார். சம்பளமோ பதவியோ இல்லாத அந்தக் கைகள்தான் என் கணக்கில் இந்தத் தொடரின் நாயகர்கள்.

கேட்பதற்கு இவ்வளவு பாடுபட்டவர்களுக்குப் பேச ஒரு நிலையம் இருந்ததா? தமிழோசை லண்டனிலிருந்தும் வெரித்தாஸ் மணிலாவிலிருந்தும் வந்தன. கொழும்பு வானொலி அரசின் வாய். புலிகளின் குரல் இயக்கத்தின் வாய். கிணற்றில் உப்பேறுவதையும் வெங்காய விலை விழுவதையும் ஊரவரே ஊரவருக்குச் சொல்லும் நிலையம் ஒன்றும் இருக்கவில்லை.

கொத்மலையில் அது இருந்தது. 1999இல் யுனெஸ்கோ உதவியோடு அங்கே இணையம் வந்தது. நேயர்கள் கேள்வி அனுப்ப, அறிவிப்பாளர்கள் நிகழ்ச்சி நடக்கும்போதே இணையத்தில் தேடி, விடையை மக்களின் மொழியில் சொன்னார்கள். கம்பளை, நாவலப்பிட்டி நூலகங்களுக்கும் இணைப்புக் கிடைத்தது. கணினியையே காணாத விவசாயிக்கு உலகத்தைத் திறந்துவிட்ட பெருஞ்செயல் அது. ஆனால் நிலையம் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் சொத்துத்தான். தொண்டர்கள் உழைத்தார்கள், சாவி கொழும்பில் இருந்தது. இந்தக் கதையில் வில்லன் யாரென்று கேட்டால், அந்தச் சாவியைத்தான் காட்டுவேன்.

கடலுக்கு அப்பால் பாருங்கள். வானலை பொதுச்சொத்து என்று இந்திய உச்ச நீதிமன்றம் 1995இல் தீர்ப்பளித்தது. 2006இல் தொண்டு நிறுவனங்களுக்கும் சமூக வானொலி நடத்த அனுமதி கிடைத்தது. 2016இல் பாம்பனில் மீனவர்களுக்கென்றே ‘கடல் ஓசை’ 90.4 ஒலிக்கத் தொடங்கியது. அதே கடலில் வலை போடும் நம் மீனவருக்கு அப்படி ஒன்றைத் தொடங்கச் சட்டத்தில் வழி இல்லை. நம்முடையது 1966ஆம் ஆண்டு ஒலிபரப்புக் கூட்டுத்தாபனச் சட்டம். சமூக வானொலிக்கென்று தனி அனுமதிப்பத்திரம் அதில் கிடையாது. அதைச் சேர்க்கச் சொல்லி வடக்கின் பாராளுமன்ற உறுப்பினர்கள் கேட்க வேண்டும். அவர்களைக் கேட்க வைக்க வேண்டியவர்கள் நீங்கள்.